பள்ளிக்கு வந்த மருத்துவர்: பிரிட்டனின் பள்ளி நலப்பணியும் மாற்றுத்திறன் குழந்தைகளும்



குழந்தைக்குக் குறைபாட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று நாங்கள் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் ஒரு தயக்கம் படர்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். உதவித்தொகைக்கும் பள்ளிச் சலுகைக்கும் அது தேவை என்பதை அவர்கள் அறிவார்கள். ஆயினும், "எழுத்தில் வந்துவிட்டால் பிள்ளையை அப்படியே ஒதுக்கிவிடுவார்களோ?" என்று கேட்கிறார்கள். இந்த அச்சத்தை வீண் என்று தள்ளிவிட எங்களால் இயலவில்லை. மருத்துவர் எழுதிய ஒரு வரி ஒரு குழந்தைக்குப் பள்ளிக் கதவைத் திறந்ததும் உண்டு. இன்னொரு குழந்தைக்கு அதே கதவை அடைத்ததும் உண்டு. இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் நிகழ்ந்தன. அந்த நாடு பிரிட்டன். காலம் 1940களும் 1950களும். அந்த வரலாற்றை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தொடங்குமுன் இரண்டு குறிப்புகள். இங்கே பேசப்படும் சட்டங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்து தனக்கெனத் தனிச் சட்டங்களை வைத்திருந்தது. மேலும், அக்காலச் சட்டங்கள் வழங்கிய சொற்கள் பல இன்று நம் காதுக்குக் கடுமையாக ஒலிக்கும். வரலாற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அவற்றை எடுத்தாளுகிறோம்.

போரில் தொடங்கிய அக்கறை

பள்ளிக் குழந்தைகளின் உடல்நலத்தில் பிரிட்டிஷ் அரசுக்கு அக்கறை பிறந்தது இரக்கத்தால் மட்டும் அன்று. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் படையில் சேர வந்த தொழிலாளர் வீட்டு இளைஞர்களில் மிகப் பலர் தகுதியற்றவர்கள் எனத் திருப்பி அனுப்பப்பட்டனர். வளர்ச்சி குன்றிய உடல், நலிந்த நெஞ்சு, சொத்தைப் பற்கள். இதனை ஆராய அமைக்கப்பட்ட குழு 1904இல் அறிக்கை தந்தது. அதன் பின்னரே 1906இல் ஏழைப் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டமும், 1907இல் பள்ளிகளில் மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தன. பேரரசுக்கு வலிமையான போர்வீரர்கள் வேண்டியிருந்தனர். குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. எக்காரணத்தால் வந்தாலும் பால் பால்தான்.

ஆனால் 1907ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குறையைக் கண்டறிவது கடமை. அதற்குச் சிகிச்சை அளிப்பது கடமையன்று. பல் சொத்தை என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் பல் தானாகச் சரியாகிவிடாது. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டில் அந்தச் சீட்டு ஒரு சுமையாகவே போய்ச் சேர்ந்தது. நாளடைவில் உள்ளாட்சிகள் பள்ளி மருத்துவ நிலையங்களைத் திறந்தன. பல், கண், தொண்டை ஆகியவற்றுக்குச் சிகிச்சை தொடங்கியது. எனினும் ஊருக்கு ஊர் பெரும் வேறுபாடு நிலவியது. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரக் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்ட குடும்பங்கள், தலையில் பேனும் தோலில் சிரங்கும் காலில் பொருந்தாத செருப்புமாக வந்த பிள்ளைகளைக் கண்டு திகைத்தன. நகரத்து வறுமை நாட்டின் கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

1944ஆம் ஆண்டுச் சட்டம்

போர் முடியும் முன்பே, 1944 ஆகஸ்டில், கல்வி அமைச்சர் ஆர். ஏ. பட்லரின் பெயரால் அறியப்படும் கல்விச் சட்டம் நிறைவேறியது. அனைவருக்கும் இலவச இடைநிலைக் கல்வி என்ற அளவிலேயே பலரும் அதனை நினைவில் வைத்திருக்கிறார்கள். நோயுற்ற குழந்தையின் பெற்றோர் நோக்கில் படித்தால் அதில் வேறு சில பிரிவுகள் முதன்மை பெறும்.

முதலாவது, சிகிச்சை. அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளின் மாணவர்களைச் சோதிப்பது மட்டுமின்றி, அவர்களுக்கு இலவச மருத்துவம் கிடைக்கச் செய்வதும் உள்ளாட்சிக் கல்வித் துறையின் கடமை ஆயிற்று. சோதனைக்குப் பிள்ளையை அனுப்பத் தக்க காரணமின்றி மறுத்தால் பெற்றோருக்கு அபராதம் உண்டு. ஆனால் சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் எழுத்தில் தெரிவித்துவிட்டால் அதற்குக் குழந்தையைத் தூண்டக் கூடாது என்று சட்டமே கூறியது. பார்ப்பது கட்டாயம், தொடுவதற்கு ஒப்புதல் வேண்டும். இந்தப் பாகுபாட்டை அன்றே தெளிவாக எழுதிவைத்தது எங்களுக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இரண்டாவது, தேடிக் கண்டறிதல். சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகள் தம் பகுதியில் யாவர் என்று கண்டறிவது உள்ளாட்சியின் பொறுப்பு. குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தாலே, "என் பிள்ளையைச் சோதித்துச் சொல்லுங்கள்" என்று பெற்றோர் கோரலாம். பொருத்தமற்ற கோரிக்கை என்று கருதினாலன்றி மறுக்க முடியாது. சோதனையின் போது உடனிருக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

1945இல் வந்த விதிகள், 'பள்ளி மருத்துவப் பணி' என்பதைப் 'பள்ளி நலப்பணி' என்று பெயர் மாற்றின. ஒரு குழந்தை தன் பள்ளி வாழ்வில் மூன்று முறை முழுமையாகச் சோதிக்கப்படும்: பள்ளியில் சேர்ந்தவுடன், தொடக்கப் பள்ளியின் இறுதி ஆண்டில், பள்ளியை விட்டு வெளியேறும் ஆண்டில். சோதனை நாளில் பள்ளிக் கூடமோ தலைமையாசிரியர் அறையோ மருத்துவ நிலையமாக மாறும். எடை பார்க்கும் கருவி, உயரம் அளக்கும் கோல், சுவரில் கண் சோதனை அட்டை. உள்ளாடையுடன் வரிசையில் நடுங்கி நிற்கும் பிள்ளைகள். தாய்மார் அழைக்கப்பட்டு ஓரமாக அமர்ந்திருப்பார்கள். மருத்துவர் இதயத்தையும் நுரையீரலையும் கேட்பார், தொண்டையைப் பார்ப்பார், முதுகெலும்பு நேராக உள்ளதா என்று குனியச் சொல்வார். செவித்திறனுக்கு இசைத்தட்டில் பதிந்த எண்களைக் காதணிக் கருவி வழியாகக் கேட்கச் செய்வார்கள். குரல் படிப்படியாகத் தேய, குழந்தை கேட்ட எண்ணைத் தாளில் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் பல குழந்தைகளைச் சோதிக்க முடிந்ததால் இந்த முறை பரவியது.

மருத்துவர் வந்து போவார். ஆண்டு முழுதும் இப்பணியைத் தாங்கியவர் பள்ளிச் செவிலியர். தலைமுடியைச் சீப்பால் பகுத்துப் பேன் பார்ப்பவர் என்று பிள்ளைகள் அவருக்குக் கேலிப் பெயர் வைத்தனர். ஆனால் கண்ணாடி வாங்கச் சொல்லியும் ஏன் வாங்கவில்லை என்று வீடு தேடிச் சென்று கேட்டவரும் அவரே. கேட்கப் போன இடத்தில், தாய் நோயுற்றிருப்பதையோ தந்தைக்கு வேலை போனதையோ அறிந்து வந்து பள்ளியில் சொன்னவரும் அவரே. 1948 ஜூலை 5 அன்று தேசிய நலப்பணி தொடங்கியபின் கண்ணாடியும் செவிக்கருவியும் விலையின்றிக் கிடைத்தன. அந்நாளைய 'மெட்ரெஸ்கோ' செவிக்கருவி மார்பில் தொங்கும் ஒரு பெட்டி. அதற்கு மின்கலம் தனி. காதுக்கு ஒரு கம்பி. விளையாடும் பிள்ளைக்குத் தொல்லைதான். எனினும், பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியரின் குரல் மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்கத் தொடங்கியது. 1946 முதல் நாள்தோறும் ஒவ்வொரு பள்ளிக் குழந்தைக்கும் மூன்றில் ஒரு பைண்ட் பால், ஏறத்தாழ 190 மில்லிலிட்டர், இலவசமாகத் தரப்பட்டது. குளிர்காலத்தில் புட்டியிலேயே உறைந்த பாலைக் கணப்பருகே வைத்து இளக்கினார்கள்; அப்படி வெதுவெதுப்பான பாலின் சுவையை வெறுத்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

பதினொரு பெயர்கள்

சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளை 1945ஆம் ஆண்டு விதிகள் பதினொரு வகையாகப் பிரித்தன: பார்வையற்றோர், குறைப்பார்வையுடையோர், செவித்திறனற்றோர், குறைச்செவியர், உடல்நலிவுற்றோர், நீரிழிவுடையோர், கல்வியில் பின்தங்கியோர், வலிப்பு நோயுடையோர், சூழலோடு ஒத்துப்போக இயலாதோர், உடல் ஊனமுற்றோர், பேச்சுக் குறையுடையோர். 1953இல் நீரிழிவுடையோரை உடல்நலிவுற்றோருடன் சேர்த்ததால் இவை பத்தாயின.

இப்பட்டியலுக்கு ஒரு நற்பயன் இருந்தது என்பதை மறுக்கலாகாது. அதுவரை பல உள்ளாட்சிகள், பார்வையற்றோர், செவித்திறனற்றோர் என வெளிப்படையாகத் தெரிந்தவர்களைத் தாண்டி அதிகம் சிந்தித்ததில்லை. வகை ஒன்று சட்டத்தில் இடம்பெற்றதும் அதற்குரிய ஆசிரியரும் இருக்கையும் பேருந்தும் ஏற்பாடாக வேண்டிய கட்டாயம் பிறந்தது. பேச்சுப் பயிற்சியாளர்கள் பள்ளி நிலையங்களுக்கு வந்தனர். செவித்திறனற்ற மாணவர்களுக்கான மேரி ஹேர் உயர்நிலைப் பள்ளி 1946இல் தொடங்கியது. சிறப்புப் பள்ளி மாணவருக்குக் கட்டாயக் கல்வி 16 வயது வரை; மற்றவர்களுக்கு அன்று 15 வரைதான். படிப்பு முடிந்தபின் வேலைக்கும் 1944இலேயே ஒரு தனிச் சட்டம் வந்தது: 20 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்போர் 3 விழுக்காடு இடங்களைப் பதிவுபெற்ற மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும். அதனைக் கண்டிப்புடன் செயற்படுத்தினார்களா என்பது வேறு கதை.

ஆனால் குழந்தைகள் பட்டியலுக்கு ஏற்பப் பிறப்பதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நடையும் பேச்சும் தடுமாறும், சில வேளை வலிப்பும் வரும், செவியும் குறைந்திருக்கலாம். அக்குழந்தை எந்தப் பள்ளிக்குப் போவது? ஊனமுற்றோர் பள்ளி, வலிப்பைச் சுட்டி மறுக்கும். செவித்திறனற்றோர் பள்ளி, நடக்க இயலாததைச் சுட்டி மறுக்கும். வகைக்குள் அடங்கியவருக்கும் இடம் எளிதில் கிடைக்கவில்லை. போருக்குப் பின் கட்டடமும் ஆசிரியரும் பற்றாக்குறையாக இருக்க, காத்திருப்போர் பட்டியல் நீண்டது. இடம் கிடைத்தால் அது வீட்டிலிருந்து பல மணி நேரத் தொலைவில் உள்ள விடுதிப் பள்ளியாக இருக்கும். ஐந்து வயதில் பெட்டியுடன் ரயிலேறி, விடுமுறைக்கு மட்டும் வீடு கண்ட பிள்ளைகள் உண்டு.

செவித்திறனற்றோர் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உதட்டசைவைப் படித்து வாயால் பேசுவதே நன்று என்ற கொள்கை அங்கு ஆட்சி செலுத்தியது. கைகளால் பேசுவதைப் பல பள்ளிகள் தடுத்தன. பிள்ளைகளோ, ஆசிரியர் முகம் திரும்பியதும் கைகளால் பேசிக்கொண்டார்கள். அதே காலத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஐரீன் யூயிங்கும் அவர் கணவர் அலெக்சாண்டர் யூயிங்கும், கைக்குழந்தையின் செவித்திறனைச் சோதிக்கும் எளிய முறை ஒன்றை உருவாக்கினர். தாயின் மடியில் குழந்தையை அமர்த்தி, அதன் பார்வைக்கு எட்டாத பக்கத்தில் கிலுகிலுப்பையையோ கோப்பையில் கரண்டியையோ மெல்ல ஒலிக்கச் செய்து, தலை திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். பள்ளி வயது வரை காத்திராமல் முதல் ஆண்டிலேயே குறையைக் கண்டறிய இது வழிவகுத்தது. தாயின் மடி சோதனையின் ஒரு பகுதி ஆனது என்பதையும் கவனியுங்கள்.

திறந்தவெளிப் பள்ளி

'உடல்நலிவுற்றோர்' என்ற வகைக்குள் இளைப்பு நோய், இரத்தச்சோகை, காசநோயாளியுடன் வாழ்ந்து மெலிந்த உடல் எனப் பலவும் அடங்கின. இவர்களுக்காக இருந்தவையே திறந்தவெளிப் பள்ளிகள். ஜெர்மனியின் சார்லட்டன்பர்க்கில் 1904இல் தோன்றிய முறை, 1907இல் லண்டனின் போஸ்டல் காட்டுக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. வகுப்பறைக்குச் சுவர் மூன்று பக்கமே இருக்கும், அல்லது சுவர் முழுதும் திறந்து மடங்கும். காலையில் கஞ்சி, நண்பகலில் முழு உணவு, உண்டபின் கித்தான் கட்டிலில் இரண்டு மணி நேரம் போர்வைக்குள் கட்டாய உறக்கம். பனி விழுந்த நாளிலும் கதவை மூடவில்லை.

இதனால் நன்மை விளைந்ததா? எடை கூடியது, கன்னம் சிவந்தது. எங்கள் எண்ணத்தில் அதற்குப் பெருங்காரணம் குளிர்காற்று அன்று; மூன்று வேளை உணவும் உறக்கமும் நெரிசலற்ற இடமுமே. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்து காசநோய் தணிந்ததும், வீடுகள் மேம்பட்டதும், 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தால் நகரப் புகை குறையத் தொடங்கியதும் இப்பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின.

பார்வை நேரம்

நோய் முற்றிய குழந்தைகளுக்குப் பள்ளியே மருத்துவமனைக்குள் இருந்தது. சசெக்ஸில் கிரேஸ் கிம்மின்ஸ் 1903இல் தொடங்கிய செய்லி, ஹாம்ப்ஷயரின் ஆல்டனில் 1908இல் திறந்த டிரெலோர் மருத்துவமனை போன்றவை புகழ்பெற்றவை. எலும்பிலும் மூட்டிலும் காசநோய் கண்ட குழந்தைகள் ஓராண்டு, இரண்டாண்டு எனச் சட்டத்தில் கட்டுண்டு கிடந்தார்கள். அந்நோய் பலருக்குக் காய்ச்சாத பசும்பாலின் வழியாக வந்தது. படுக்கையருகே ஆசிரியர் வந்து பாடம் சொன்னார். 1947இல் இளம்பிள்ளை வாதம் பெருங்கொள்ளையாகப் பரவி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,000க்கு மேற்பட்டோரைத் தாக்கியது. கால்களில் இரும்புக் காலிபருடன் பள்ளி திரும்பிய அந்தப் பிள்ளைகளைப் பார்த்தே பல ஆசிரியர்கள் படிக்கட்டு என்பது ஒரு தடை என்று முதன்முதலாக உணர்ந்தனர். தடுப்பூசி 1956இல் வந்தும் மக்கள் தயங்கினர். 1959இல் பர்மிங்காம் கால்பந்து வீரர் ஜெஃப் ஹால் தம் 29ஆம் வயதில் அந்நோயால் இறந்தபின்னரே இளைஞர்கள் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

சிகிச்சை நன்றாக இருந்தது. மருத்துவர் திறமை மிக்கவர். செவிலியர் கடமை தவறாதவர். ஆனால் அம்மா எங்கே? நோயாளியின் அருகில் வீட்டார் ஒருவர் இருப்பதை இயல்பாக எண்ணும் நமக்கு அக்கால விதிகள் நம்பக் கடினமானவை. பல மருத்துவமனைகளில் வாரத்தில் ஒருநாள், ஞாயிறு பிற்பகலில் ஓரிரு மணி நேரம் பெற்றோர் வரலாம். சில இடங்களில் அதுவும் இல்லை. லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் ஒரு மாதம் பெற்றோர் குழந்தையுடன் பேசவே கூடாது. மாலையில் அது உறங்கும்போது எட்டிப் பார்த்துப் போகலாம். தொற்று வரும் என்பது ஒரு காரணம். "பெற்றோர் வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது" என்பது இன்னொரு காரணம்.

அந்த அமைதியைத்தான் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஐயுற்றார். லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் பணியாற்றிய சமூகப் பணியாளர் அவர். குழந்தை முதலில் கதறி எதிர்க்கிறது. பின் நம்பிக்கை இழந்து அடங்குகிறது. இறுதியில் தாயிடமிருந்தே மனத்தை விலக்கிக்கொள்கிறது. இதையே நாம் 'பழகிவிட்டது' என்று தவறாகப் படிக்கிறோம் என்றார். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால், சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த லாரா என்ற இரண்டரை வயதுக் குழந்தையை நாள்தோறும் படம் பிடித்தார். 1952இல் அப்படத்தைக் கண்ட மருத்துவர்களிலும் செவிலியரிலும் பலர் சினந்தனர். தங்கள் பணியை இழிவுபடுத்துகிறார் என்றனர். நியூகாசில் நகரில் சர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தையுடன் தங்கவைத்துக் காட்டியிருந்தும், அவ்வழியைப் பின்பற்றியவர் சிலரே. 1959இல் எலும்பு அறுவை வல்லுநர் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையுடன் தாய் தங்க வசதி வேண்டும், குழந்தைகளைப் பெரியவர் கூடங்களில் வைக்கலாகாது என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தும் கதவுகள் உடனே திறக்கவில்லை. 1961இல் லண்டன் பேட்டர்சியில் சில தாய்மார் சங்கம் அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனையாகச் சென்று, "அறிக்கையைப் படித்தீர்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இது கூச்சம் தரும் பகுதி. அதனால்தான் இதை நீட்டிச் சொன்னோம்.

பட்டியலுக்கு வெளியே

பதினொரு வகைகளுக்கும் வெளியே ஒரு குழந்தைக் கூட்டம் இருந்தது. மனநலிவு காரணமாகப் 'பள்ளியில் கல்வி பெற இயலாதவர்' என்று ஒரு குழந்தையைத் தீர்மானித்தால், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி அதனைக் கல்வித் துறையின் பொறுப்பிலிருந்தே நீக்கி, மனநலிவுச் சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். அனைவருக்கும் கல்வி என்ற அதே சட்டத்தில் இதுவும் இருந்தது. பெரும்பாலும் நுண்ணறிவு ஈவு 50க்குக் கீழ் என்ற சோதனை முடிவே அளவுகோல். பேசவும் கையால் சுட்டவும் இயலாத மூளை முடக்குவாதக் குழந்தை அச்சோதனையில் எப்படி விடை சொல்லும்? அறிவு குன்றாத பிள்ளைகளும் அந்த வலையில் சிக்கினர். சோதனையில் உடனிருக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று முன்பு சொன்னோம். மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் உடனிருந்த தாய், "வீட்டில் இவன் எல்லாம் புரிந்துகொள்கிறானே" என்று சொன்னால், அது தாயின் ஆசை என்று ஒதுக்கப்பட்டது. உரிமை ஏட்டில் இருந்தது. அவள் சொல் ஏட்டில் ஏறவில்லை.

பிறகு வந்தவை கடிதங்கள். ஜூடி ஃபிரைடு என்ற தாயின் மூத்த மகளுக்குப் பள்ளி இடம் தரவில்லை. அவர் 1946இல் 'நர்சரி வேர்ல்ட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, தம்மைப் போன்ற பெற்றோர் ஒன்று சேர வேண்டும் என்று அழைத்தார். நாடெங்கிலுமிருந்து பதில்கள் குவிந்தன. தங்கள் வீட்டில் மட்டுமே இத்துயரம் என்று எண்ணியிருந்தவர்கள் எழுதிய பதில்கள் அவை. அவ்வாண்டே பெற்றோர் சங்கம் பிறந்தது. அதுவே இன்றைய மென்கேப். 1952இல் மூன்று பெற்றோரும் ஒரு சமூகப் பணியாளரும் கூடி மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தை நிறுவினர். அரசு கட்டாத பள்ளிகளை அச்சங்கம் நன்கொடை திரட்டிக் கட்டியது. 1955இல் கென்ட் மாவட்டத்தின் டன்பிரிஜ் ஊரில் அவர்களுக்கான இடைநிலைப் பள்ளியே திறந்தது. பின்னாளில் 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல் தெருவில் வசைச்சொல்லாகிவிட, 1994இல் சங்கம் தன் பெயரை 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது. நல்லெண்ணத்துடன் வைத்த பெயரும் கறைபடும்.

1958இல் உளவியலாளர் ஜாக் டிசார்ட் ஒரு சோதனை நடத்தினார். தெற்கு லண்டனின் ஃபவுன்டன் மருத்துவமனையில் பெருங்கூடங்களில் வாழ்ந்த மனநலிவுற்ற குழந்தைகளில் 16 பேரைச் சர்ரேயில் புரூக்லேண்ட்ஸ் என்ற வீட்டுக்கு மாற்றினார். அதே நிலையிலுள்ள வேறு 16 பேர் மருத்துவமனையிலேயே இருந்தனர். புதிய வீட்டில் சிறுசிறு குழுக்கள்; ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத பராமரிப்பாளர்; பொம்மை, தோட்டம், பேச்சுத் துணை. இரண்டு ஆண்டுகளில் இவர்களின் பேச்சு வளர்ச்சி மருத்துவமனையில் இருந்தவர்களினும் இரு மடங்குக்கு மேலாக இருந்தது. மருந்து எதுவும் மாறவில்லை. குழந்தையின் இயலாமை என்று கோப்பில் எழுதப்பட்டதில் எவ்வளவு அந்தக் கூடத்தின் இயலாமை என்று பலரும் கேட்க நேர்ந்தது.

சட்டம் மெல்லத்தான் அசைந்தது. 1959இல் 'கல்வி பெற இயலாதவர்' என்பதைப் 'பள்ளிக் கல்விக்குப் பொருந்தாதவர்' என்று மென்மைப்படுத்தினார்கள். பெற்றோர் மறு ஆய்வு கோரும் வழியும் விரிந்தது. 1970இல் வந்த சட்டம், அந்தப் பிரிவையே நீக்கி, எந்தக் குழந்தையும் கல்விக்கு அப்பாற்பட்டதன்று என்று ஏற்றது. 1978இல் மேரி வார்னக் தலைமையிலான குழு, ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதேனும் சிறப்பு உதவி தேவைப்படும் என்றும், குறையின் பெயரை விடத் தேவையின் தன்மையே முக்கியம் என்றும் கூறியது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழைய வகைகள் மறைந்தன.

இனி எங்களிடம் சான்றிதழுக்காக வரும் குடும்பத்தினருக்கு ஒரு சொல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்; புரியாத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். சோதனையின்போது குழந்தை பசியிலோ உறக்கத்திலோ அச்சத்திலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் செய்து இங்கே செய்யாதவற்றைக் குறித்து எடுத்து வாருங்கள், கைப்பேசியில் படம் பிடித்தும் வரலாம். அதைக் கோப்பில் சேர்ப்பது எங்கள் வேலை.

1970ஆம் ஆண்டுச் சட்டம் 1971 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பயிற்சி நிலையங்கள் என்று அதுவரை பெயர் பெற்றிருந்த கட்டடங்களின் முகப்பில் 'பள்ளி' என்ற பலகை ஏறியது. மருத்துவமனைக் கூடங்களுக்குள் ஆசிரியர்கள் வந்தனர். 1946இல் கடிதம் எழுதிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதற்குள் முப்பது வயதை ஒட்டியிருந்தது. அந்தப் பள்ளிகளில் அன்று நுழைந்தவர்கள் வேறு வீட்டுப் பிள்ளைகள்.